ஜிம்மி நிதி: இரத்தப் புற்றுநோய்க்கு எதிராக மக்கள் திரட்டிய கொடையின் வரலாறு

ஜிம்மி நிதி என்பது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1948ஆம் ஆண்டு உருவான பொதுமக்கள் நன்கொடை நிதியாகும். குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்கள், குறிப்பாக இரத்தப் புற்றுநோய் குறித்த ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் பணம் திரட்டுவதற்காக இது தொடங்கப்பட்டது. ஒரு வானொலி நிகழ்ச்சியும் ஒரு சிறுவனின் குரலும் இதற்குத் தொடக்கமாயின. இன்று உலகின் முன்னணிப் புற்றுநோய் மையங்களுள் ஒன்றாக விளங்கும் டானா ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் இந்த நிதியின் துணையால் வளர்ந்ததாகும்.

இரத்தப் புற்றுநோய் மருத்துவ வரலாற்றில் மருந்துகளின் பெயர்களும் மருத்துவர்களின் பெயர்களும் முன்னிற்கின்றன. அந்த மருந்துகள் ஆய்வகத்திலிருந்து நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்ந்ததில் பெயர் தெரியாத பலரின் சிறு தொகைகளுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பணம் கொடுத்த காலத்தில் இந்நோயிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றும் உறுதியான மருந்து எதுவும் இல்லை. இருந்தும் கொடுத்தார்கள் என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி.

நோயும் அக்கால நிலையும்

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளணுக்கள் முதிர்ச்சி பெறாமல் கட்டுக்கடங்காது பெருகுவது லுகேமியா. நிணநீர் மண்டலத்தில் தோன்றுவது லிம்போமா. மச்சையில் உள்ள பிளாஸ்மா அணுக்களில் தோன்றுவது மயலோமா. லுகேமியா என்ற பெயரை 1847இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்சோ வழங்கினார். வெண்ணிற இரத்தம் என்பது அதன் பொருள்.

பெயர் கிடைத்த பின்னும் நூறாண்டுகள்வரை மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்ய இயலவில்லை. கட்டியாகத் தோன்றும் புற்றை அறுத்தெடுக்கலாம்; கதிர்வீச்சால் சுட்டு அழிக்கலாம். இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் ஓடும் நோயை எங்கே அறுப்பது? 1940களில் குழந்தைகளுக்குக் கடும் லுகேமியா என்று தெரிந்தால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம் நேர்ந்தது. இரத்தம் ஏற்றுவதும் வலியைத் தணிப்பதுமே மருத்துவர்கள் செய்யக்கூடியவையாக இருந்தன.

சிட்னி ஃபார்பரின் ஆய்வு

சிட்னி ஃபார்பர் (1903-1973) பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றியவர். இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து நோயின் காரணத்தைக் கண்டறிவது அவருடைய வேலை. அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்த பிறகு, உயிருடன் இருக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் லுகேமியா பக்கம் திரும்பினார்.

அவருடைய எண்ணத்திற்கு அடிப்படையாக அமைந்தது ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து. 1920களின் இறுதியில் பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களுக்கு வந்த கடும் இரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அச்சோகையைத் தீர்க்கிறது என்று அவர் கண்டார். அப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. புதிய இரத்த அணுக்கள் உருவாக அது இன்றியமையாதது.

இரத்தசோகையைத் தீர்ப்பது லுகேமியாவையும் தீர்க்குமோ என்று கருதிய ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த சேர்மங்களை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். விளைவு நேர்மாறாக இருந்தது. நோய் தணியாமல் வேகமெடுத்தது. இத்தோல்வியிலிருந்தே அடுத்த சிந்தனை பிறந்தது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களுக்கு உணவாகிறது என்றால், அந்த உணவைத் தடுத்தால் என்ன ஆகும்?

பீமாவரத்திலிருந்து பாஸ்டனுக்கு

அந்தத் தடுப்புப் பொருள் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895-1948) தலைமையில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்திலிருந்து வந்தது. சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற குறைந்த தகுதிச் சான்றிதழையே பெற்றார். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் இறந்தனர். ஃபோலிக் அமிலம் கண்டறியப்பட்ட பின் அந்நோய்க்கும் அது மருந்தாயிற்று.

சுப்பாராவ் அமெரிக்கா செல்வதற்கு மாமனாரின் உதவியோடு, காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறநிறுவனத்தின் ஆதரவும் கிடைத்தது. பாஸ்டனில் படிக்கும்போது மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலைப் பணியாளராக உழைத்துச் செலவைச் சமாளித்தார். ஹார்வர்டில் ஆய்வு செய்தபின் 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். தொடர்ந்து அதன் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கினர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

அமினோப்டெரின் வேலை செய்யும் விதம் எளிமையானது. அது உருவத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே இருக்கும். பூட்டில் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவியைப் போல, அணுவுக்குள் இருக்கும் நொதியைப் பிடித்துக்கொள்ளும். மரபுப் பொருளை உருவாக்க இயலாமல் வேகமாகப் பெருகும் அணுக்கள் மடியும்.

இந்தியாவின் ஒரு துறைமுக நகரத்து அறநிறுவனம் ஒரு மாணவருக்குச் செய்த உதவியின் பயன், கால் நூற்றாண்டுக்குப் பின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தெரிந்தது. அந்த உதவியைச் செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க இயலாது.

பதினாறில் பத்து

1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதன் முடிவுகள் 1948 ஜூன் 3ஆம் நாள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. படுத்த படுக்கையாக இருந்த குழந்தைகள் எழுந்து நடந்தனர்.

ஆயினும் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லை ஃபார்பர் சேர்த்திருந்தார். சில மாதங்களில் நோய் திரும்பியது; குழந்தைகள் இறந்தனர். சக மருத்துவர்களில் பலர் இம்முயற்சியை ஏற்கவில்லை. சாகப்போகும் குழந்தைகளை நஞ்சு போன்ற மருந்தால் மேலும் வதைப்பது சரியா என்று கேட்டனர். நோயை ஒருமுறை பின்வாங்கச் செய்ய முடியும் என்றால் அதை நிலைநிறுத்தவும் ஒருநாள் முடியும் என்பது ஃபார்பரின் நம்பிக்கை. அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும்.

வெரைட்டி சங்கமும் வானொலி இரவும்

1947இல் ஃபார்பர் குழந்தைகள் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றது நியூ இங்கிலாந்து வெரைட்டி சங்கம். இது திரையரங்கு உரிமையாளர்களும் பொழுதுபோக்குத் துறையினரும் சேர்ந்த அமைப்பு. இதன் தாய்ச் சங்கம் பிட்ஸ்பர்க் நகரில் 1920களில் தோன்றியது. 1928ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், அங்கிருந்த ஒரு திரையரங்கில் கைக்குழந்தை ஒன்று விடப்பட்டிருந்தது. சங்கத்தினர் அக்குழந்தையின் வளர்ப்புச் செலவை ஏற்றனர். அதிலிருந்து குழந்தைகளுக்கான அறப்பணியே அவர்களுடைய முதன்மை நோக்கமாயிற்று.

மக்களிடம் பணம் கேட்க நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் போதாது, ஒரு குழந்தையின் முகம் வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஃபார்பரின் நோயாளிகளில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மெய்ன் மாநிலத்தின் நியூ ஸ்வீடன் என்ற சிற்றூரில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். குடலில் தோன்றிய லிம்போமாவுக்குச் சிகிச்சை பெற்றுவந்தான். அவனுடைய தனியுரிமையைக் காக்க 'ஜிம்மி' என்று புனைபெயர் சூட்டினர்.

1948 மே 22ஆம் நாள் இரவு, ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்ற புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி, ஹாலிவுட்டிலிருந்து ஜிம்மியின் படுக்கை அருகே இணைக்கப்பட்டது. உனக்குப் பிடித்த ஆட்டக்காரர்கள் யார் என்று எட்வர்ட்ஸ் கேட்டார். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியினரின் பெயர்களைச் சிறுவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவ்வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைந்தனர். மட்டை, பந்து, சீருடை முதலியவற்றைப் பரிசாகத் தந்தனர். பிறகு எல்லாரும் சேர்ந்து பேஸ்பால் பாட்டைப் பாடினர். சிறுவன் சுருதி சேராமல் பாடியது அப்படியே ஒலிபரப்பாயிற்று.

இறுதியில் எட்வர்ட்ஸ் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஜிம்மியைப் போன்ற குழந்தைகளுக்கான ஆய்வுக்கு 20,000 டாலர் சேர்ந்தால், அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்றார். நிகழ்ச்சியில் நோயின் பெயரை விரிக்கவில்லை. மரணத்தைப் பற்றிப் பேசவில்லை.

அன்றிரவே மக்கள் மருத்துவமனைக்குப் பணத்தோடு வரத் தொடங்கினர். தொடர்ந்து கடிதங்கள் குவிந்தன. முகவரியாக ஜிம்மி, பாஸ்டன் என்று எழுதியிருந்தாலும் அஞ்சல் துறையினர் கொண்டுவந்து சேர்த்தனர். அந்த ஆண்டு 2 இலட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. தொலைக்காட்சிப் பெட்டியும் ஜிம்மிக்கு வந்து சேர்ந்தது.

உண்டியல் முதல் கட்டடம் வரை

வெரைட்டி சங்கத்தினரின் திரையரங்குகள் நிதி திரட்டும் இடங்களாயின. படம் பார்க்க வந்தவர்களிடம் உண்டியல் நீட்டப்பட்டது. சிறுவர் பேஸ்பால் அணிகள் தெருத் தெருவாகச் சென்று சில்லறை சேர்த்தன. 1952இல் ஜிம்மி நிதிக் கட்டடம் திறக்கப்பட்டது.

1953இல் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டு மில்வாக்கி நகருக்குப் பெயர்ந்தது. நிதியின் முகமாக இருந்த அணி போய்விட்டதால் இயக்கம் நலிந்திருக்கக்கூடும். ஆனால் நகரின் மற்றோர் அணியான ரெட் சாக்ஸ் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதன் நட்சத்திர ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் பல ஆண்டுகள் நோயுற்ற குழந்தைகளைச் சென்று பார்த்துவந்தார், நிதிக்காகவும் உழைத்தார். 1980இல் தொடங்கிய பான் மாஸ் சேலஞ்ச் என்ற மிதிவண்டிப் பயணம் இந்நிதிக்குப் பெருந்தொகை சேர்க்கும் நிகழ்வாக வளர்ந்தது.

இதே காலத்தில் நோயால் பிள்ளைகளை இழந்த பெற்றோரும் அமைப்புகளைத் தொடங்கினர். லுகேமியாவால் 16 வயது மகனை இழந்த டி வில்லியர்ஸ் தம்பதியர் 1949இல் நியூயார்க்கில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். அதுவே பின்னர் லுகேமியா லிம்போமா சங்கம் என்று பெயர் பெற்றது.

தற்காலிகத்திலிருந்து குணம் நோக்கி

ஒரே மருந்தைக் கொடுத்தால் நோய் அதற்குப் பழகித் திரும்பிவிடுகிறது என்பது விரைவில் தெளிவாயிற்று. 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரெய்ரைக் ஆகியோர் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை முயன்றனர். அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். மற்றொன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது.

அடுத்த பெரிய முன்னேற்றமும் மக்கள் கொடையால் எழுந்த ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் 1962இல் மெம்பிஸ் நகரில் புனித யூதா குழந்தைகள் ஆய்வு மருத்துவமனையைத் திறந்தார். அதற்குப் பணம் திரட்ட, லெபனான், சிரியா வம்சாவளி அமெரிக்கர்களைக் கொண்டு 1957இலேயே ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருந்தார். சிகிச்சைக்காகக் குடும்பத்தாரிடம் பணம் கேட்பதில்லை என்பது அம்மருத்துவமனையின் கொள்கை. அங்கு டொனால்ட் பிங்கெல் குழுவினர், மருந்து எட்டாத மூளைப் பகுதியில் புற்றணுக்கள் ஒளிந்திருந்து பின்னர் நோயைத் திரும்பக் கொண்டுவருகின்றன என்பதை மனத்தில் கொண்டு, அப்பகுதிக்கும் சிகிச்சை அளித்தனர். 1960களின் இறுதியில் அவர்கள் நடத்திய ஆய்வில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நீண்டகாலம் நோயின்றி வாழ்ந்தனர். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பதிலாகக் குணம் என்ற சொல் முதன்முறையாகப் பொருந்தியது.

தனியார் கொடை மட்டும் போதாது என்பதை ஃபார்பர் உணர்ந்திருந்தார். சமூக ஆர்வலர் மேரி லாஸ்கருடன் சேர்ந்து, அரசு பெருமளவில் நிதி ஒதுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தொடர்ந்து வலியுறுத்தினார். 1971 டிசம்பர் 23ஆம் நாள் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்டார். மக்கள் கொடை, அரசின் கடமையைத் தூண்டுவதற்கும் வழியாயிற்று.

சென்னையில் ஒரு தொடர்ச்சி

சுப்பாராவ் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன் 1912இல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், சென்னையில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று நெடுங்காலம் முயன்றார். புற்றுநோய் வந்தால் மரணம்தான், அதற்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நன்கொடை திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கினார். 1960இல் குழந்தைகளுக்கான தனிப் புற்றுநோய்ப் பிரிவு அங்கு ஏற்பட்டது. 1955இல் அங்கு சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, வாழ்நாள் முழுதும் அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

1980களில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகியவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் இணைந்து, எம்.சி.பி. 841 என்ற பொதுவான சிகிச்சை முறையைக் குழந்தைகளின் கடும் லுகேமியாவுக்குப் பின்பற்றின. இதனால் இந்தியக் குழந்தைகளின் பிழைப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

ஜிம்மி யார்?

பல ஆண்டுகள்வரை ஜிம்மி இறந்துவிட்டான் என்றே பெரும்பாலோர் நினைத்தனர். 1948இல் புற்றுநோய் கண்ட சிறுவன் பிழைத்திருப்பான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? நிதியின் பொன்விழா ஆண்டான 1998இல் உண்மை வெளிவந்தது. ஜிம்மியின் இயற்பெயர் எய்னார் குஸ்டாஃப்சன். சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்பி, லாரி ஓட்டுநராகி, திருமணம் செய்து, பெண்களுக்குத் தந்தையாகி, அமைதியாக வாழ்ந்துவந்தார். தம் பெயரால் ஒரு பெரும் நிதி இயங்குவதை அறிந்தும் முன்வந்து சொல்லிக்கொள்ளவில்லை. வெளிப்பட்ட பின் நிதிக்காக மனமுவந்து உழைத்தார். 2001 ஜனவரியில் தம் 65ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பிழைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவரோடு அதே காலத்தில் சிகிச்சை பெற்ற லுகேமியாக் குழந்தைகள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கும் முறைக்கு இந்த இடர்ப்பாடு எப்போதும் உண்டு. கேட்பவர் மனம் இளகுகிறது. ஆனால் நோயின் முழுக் கொடுமை மறைந்துபோகிறது. ஃபார்பர் மருத்துவ இதழில் தற்காலிகம் என்று நேர்மையாக எழுதியதற்கும், அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு வானொலியில் ஒலித்த நம்பிக்கைக்கும் இடையே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை அடுத்த இருபது ஆண்டு ஆய்வு நிரப்பியதால்தான் மக்கள் வைத்த நம்பிக்கை வீண்போகவில்லை.

இன்றைய தேவை

வளர்ந்த நாடுகளில் இன்று புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருவாய் குறைந்த பல நாடுகளில் இது 30 சதவீதத்திற்கும் கீழே இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. மெத்தோட்ரெக்சேட்டும் வின்கிரிஸ்டினும் அவ்வமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. எனவே இந்த வேறுபாட்டுக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாதது காரணமன்று.

கடும் லுகேமியாவுக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். தொலைவிலிருந்து வரும் குடும்பத்திற்கு மருந்துச் செலவோடு பேருந்துக் கட்டணம், தங்குமிடம், உணவு, இழந்த நாட்கூலி ஆகியவையும் சுமையாகின்றன. குழந்தை சற்றுத் தேறியதும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே பெற்றோர் தங்கும் விடுதிக்கும், பயணச் செலவுக்கும், சத்துணவுக்கும் தரப்படும் நன்கொடையும் உயிர்காக்கும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

1948இல் திரையரங்கு உண்டியலில் காசு போட்டவர், மருந்து கிடைக்குமா என்று தெரியாமல் கொடுத்தார். இன்று கொடுப்பவருக்கு அந்த ஐயம் பெருமளவு நீங்கிவிட்டது. குழந்தைகளின் லுகேமியாவுக்கு மருந்து இருக்கிறது. அதை இறுதிவரை பெற்று முடிக்கும் வாய்ப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.